அழுக்கு தண்ணீரில் இல்லை

நான் எழுதியதிலேயே அதிகம் பேர் கண்ணில் பட்ட கட்டுரை ஒன்று உண்டு. அதை நகல் எடுத்து, லேமினேஷன் போட்டு, புதுச்சேரியில் தெருத் தெருவாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். அந்தப் பெருமையை நான் வெளியே சொல்லிக்கொள்வதில்லை. காட்டினவர்கள் அத்தனை பேரும் நான் சொன்னதற்கு நேர் எதிரானதைச் சொல்லி மிஷின் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

எனக்குப் பிழைப்பு புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில். ஒரு சோப்புக் கம்பெனியின் ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிப்பது வேலை. போர்வெல் தண்ணீர், தொட்டித் தண்ணீர், கழிவுத் தண்ணீர் என்று நாள் பூராவும் தண்ணீரோடுதான் குடித்தனம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு நாளிதழின் உள்ளூர் இணைப்பில் அறிவியல் கட்டுரை எழுதுகிறேன். இது ஆசைக்குச் செய்வது. கோபத்தில் செய்வது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். "உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்" என்று முடிகிற வாட்ஸப் செய்தி எதைப் பார்த்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கும். போனுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழம் வைத்தால் கதிர்வீச்சை அது இழுத்துக்கொள்ளும் என்று ஒரு நாள் என் சொந்த நாத்தனாரே அனுப்பினாள். அன்றைக்குத்தான் முதல் கட்டுரை எழுதினேன். நாத்தனார் அதைப் படிக்கவில்லை. பழத்தை மட்டும் வாரம் ஒரு தடவை மாற்றுகிறாள்.

எழுத எழுத ஒரு வித்தை பிடிபட்டது. அறிவியல் என்றாலே வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். ஆகையால் முதல் பாராவிலேயே அவர் சட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒரு காட்சி, கொஞ்சம் திகில், ஒரு கேள்வி. விடையை உடனே கொடுத்துவிடக் கூடாது. நாலாவது பாரா வரைக்கும் தவிக்க விட்டு, அப்புறம் முடிச்சை அவிழ்க்க வேண்டும். இதில் நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு நினைப்பு இருந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, தலைக்கு மேலேயே இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் சுத்திகரிக்கும் மிஷின் விற்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கையில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் இரும்புக் கம்பிகள், இரண்டு கண்ணாடி டம்ளர். ஒரு டம்ளரில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரை வாங்கிக்கொள்வார்கள். இன்னொன்றில் அவர்கள் மிஷினில் வடிகட்டி, பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி, பெட்டியை பிளக்கில் செருகி, ஸ்விட்சைப் போடுவார்கள். அரை நிமிஷத்தில் நம் வீட்டுத் தண்ணீர் சாக்கடை மாதிரிப் பழுப்பாகும். அவர்கள் தண்ணீர் அப்படியே பளிங்காக இருக்கும். "இதைத்தான் தினமும் குடிக்கிறீங்க" என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படாது.

விஷயம் இதுதான். அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பியிலிருந்து வருகிறது. தண்ணீரில் கொஞ்சம் உப்புச் சத்து இருந்தால் கரண்ட் பாயும், பாய்ந்தால் இரும்புக் கம்பி கரைந்து துரு கலங்கும். நல்ல குடிதண்ணீரிலும் இயற்கையாக அந்த உப்புச் சத்து உண்டு. வடிகட்டின தண்ணீரில் அது அநேகமாக இல்லை, அதனால் கரண்ட் பாயாது, கம்பி கரையாது. எந்தத் தண்ணீர் நல்லது, எது கெட்டது என்பதற்கும் இந்தக் கூத்துக்கும் சம்பந்தமே கிடையாது.

இப்போது நாலைந்து வரியில் சொல்லிவிட்டேன். அப்போது சொல்லவில்லை. அப்போது நான் எழுத்தாளர். "உங்கள் வீட்டுத் தண்ணீரில் என்ன இருக்கிறது?" என்று தலைப்பு வைத்தேன். முதல் பாராவில் டம்ளர், இரண்டாவது பாராவில் மெல்ல மெல்லப் பழுப்பாகும் தண்ணீர், அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளும் ஒரு தாய். மூன்றாவதில் இன்னும் கொஞ்சம் தவிப்பு. நாலாவதில்தான் உண்மை, அதுவும் மின்பகுப்பு, நேர்மின்வாய், அயனி, ஃபெரிக் ஹைட்ராக்சைடு என்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தது. பத்திரிகை ஆசிரியருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அவர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பழைய புதுச்சேரிக் குடும்பத்து மனிதர். நல்ல கட்டுரை என்றால் பிரெஞ்சில் "போன்", அதாவது நன்று, என்பார், ரொம்ப நல்ல கட்டுரை என்றால் "போன், போன்". அன்றைக்கு மூன்று தடவை சொன்னார். பழுப்புத் தண்ணீரைப் பக்கத்தில் பாதிக்கு வருகிற மாதிரிப் பெரிய வண்ணப் படமாகப் போட்டார். ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் போன் பண்ணிப் பாராட்டினார். நான் மிதந்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். எனக்கு வழக்கமாக மீன் கொடுப்பவர் கடலோரக் குருசுக்குப்பத்து அக்கா ஒருவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவர்கள் ஊர் மகளிர் குழுவுக்கு அவர்தான் தலைவி. அன்றைக்குச் சங்கரா மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டே, "நாளைக்கு எங்க கூடத்துல விசேஷம்மா" என்றார்.

"என்ன விசேஷம்க்கா?"

"தண்ணி மிஷின் வாங்கப் போறோம். குழுவுல முப்பது வூடும் சேந்து. நாளைக்குச் சர்ச்சுல பூசை முடிஞ்சதும் கம்பெனி ஆளு வராரு. எல்லாருக்கும் ஒருவாட்டி காட்டிட்டு அங்கியே கையெழுத்து வாங்கிக்கறாராம்."

"கம்பி வச்சுக் காட்டுவாங்களே, அந்த மிஷினா?"

"அதேதான். நான்கூட மொதல்ல நம்பல. இவனுங்க எதயாவது சொல்லி விப்பானுங்கன்னு வுட்டுட்டேன். அப்பறம் பேப்பர்லயே போட்டுட்டாங்கம்மா." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூடைக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்தார். அதற்குள் பளபளவென்று ஒரு லேமினேஷன் அட்டை. "இந்தா, நீயே பாரு. நீ படிச்ச பொண்ணு."

பார்த்தேன். என் தலைப்பு. என் பழுப்புத் தண்ணீர். அதற்குக் கீழே என்னுடைய முதல் இரண்டு பாரா. அதோடு அட்டை முடிந்துவிட்டது. நாலாவது பாராவை யாரும் திருத்தவில்லை, மறைக்கவில்லை, கத்தரிக்கோலால் ஒரே வெட்டு, அவ்வளவுதான். வெட்டுவதற்கு வசதியாக எழுதிக் கொடுத்தது நான்.

"அக்கா, இது பொய்க்கா" என்றேன்.

"பேப்பர்ல போட்டது பொய்யா?"

"பேப்பர்ல போட்டது பொய் இல்லக்கா. இத எழுதினதே நான்தான்."

செதில் எடுக்கும் கை நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? நீ எழுதுனதுன்ற, பொய்யின்ற. அப்ப நீ பொய் எழுதுனியா?"

பக்கத்தில் இறால் விற்கிறவள் சிரித்தாள். நான் அயனி, மின்வாய் என்று ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியம் முடிவதற்குள் யாரோ வஞ்சிரம் விலை கேட்டு வந்தார்கள், அக்கா அந்தப் பக்கம் திரும்பிவிட்டார். மீனைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது, "எங்களுக்கு ஒண்ணும் ஆசையில்லம்மா. புள்ளைங்க குடிக்குது. அந்தப் படத்தப் பாத்த நாள்லேர்ந்து எம் மருமவ குழந்தைக்குத் தண்ணி குடுக்கவே பயப்படுறா" என்றார். குரலில் விளையாட்டு இல்லை.

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. முப்பது வீட்டுக்காரர்கள் தேவையில்லாத ஒன்றுக்கு மாதா மாதம் தவணை கட்டப் போகிறார்கள், ஒரு தாய் தன் குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கத் தயங்குகிறாள், இரண்டுக்கும் காரணம் என் எழுத்து. மார்க்கெட் வாசலில் நின்றே ஆசிரியருக்குப் போன் போட்டேன். மறுப்பு போடுங்கள் என்றேன்.

"எதை மறுக்கறது? நீங்க எழுதினதுல ஒரு வரிகூடத் தப்பு இல்லையே."

"தப்பு இல்ல சார். யாருக்கும் புரியல."

"புரியலன்னு எப்படிம்மா மறுப்பு போடறது?" என்றார். நியாயமான கேள்வி. அதோடு ஞாயிற்றுக்கிழமை இணைப்பு வெள்ளிக்கிழமையே அச்சுக்குப் போய்விடும். குருசுக்குப்பத்துக் கையெழுத்து நாளைக் காலை.

எழுதி ஆகாது என்றால் நேரில்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, வீட்டுக்காரரின் ஸ்கூட்டரிலிருந்து பேட்டரியைக் கழற்றச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாலே ஸ்பானரை எடுத்துவிடுவார். மெக்கானிக் கடையிலிருந்து பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீர் ஒரு பாட்டில் வாங்கி வந்தார். உப்புச் சத்து சுத்தமாக இல்லாத தண்ணீர் அது. டம்ளரில் ஊற்றி, இரண்டு இரும்பு ஆணிகளை ஒயரில் கட்டி இறக்கினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். ஆணியில் குமிழ் குமிழாக வந்தது, தண்ணீர் பச்சையாகக் கலங்கியது, பிறகு துரு நிறமாக மாறியது.

"இதுக்கா இவ்ளோ வேர்க்குது உனக்கு? ஆகும்னு உனக்குத் தெரியுமே" என்றார் வீட்டுக்காரர்.

தெரியும்தான். படித்திருக்கிறேன், எழுதியிருக்கிறேன். செய்து பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. நம்பிக்கை வருவதற்கு மூன்று தடவை செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை குருசுக்குப்பத்துச் சமுதாயக் கூடம் நிரம்பியிருந்தது. சர்ச் பூசையிலிருந்து நேராக வந்தவர்கள், கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் விபூதியோடு வந்தவர்கள், இடுப்பில் குழந்தையோடு வந்தவர்கள். கம்பெனிக்காரர் என் வயதுக்காரர்தான், நாற்பத்தைந்து இருக்கும். அந்த வெயிலிலும் டை கட்டியிருந்தார். மேஜை மேல் இரண்டு டம்ளர், பெட்டி, என் லேமினேஷன் அட்டை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அவர் நன்றாகப் பேசினார். சத்தியமாகச் சொல்கிறேன், என்னைவிட நன்றாகப் பேசினார். தலைவி அக்கா வீட்டுக் குழாய்த் தண்ணீரையே டம்ளரில் ஊற்றினார். ஸ்விட்சைப் போட்டதும் அது பழுப்பாகத் தொடங்கியது. கூடம் முழுக்க "ஐயோ" என்று ஒரு சத்தம். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "இதத்தான் எம் புள்ளைக்குக் குடுத்துக்குனு இருந்தேன்" என்றாள். அவள்தான் அக்காவின் மருமகள் என்று பிறகு தெரிந்தது. நான் கற்பனையாக எழுதிய தாய் எனக்கு ஆறு வரிசைக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். என் மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

எழுந்தேன். "ஒரு நிமிஷம். அது தண்ணியில இருக்கற அழுக்கு இல்ல. மின்பகுப்புன்னு ஒண்ணு. தண்ணிக்குள்ள இருக்கற அயனி எல்லாம்..."

"ஏம்மா, ஸ்கூல் பாடம்லாம் வேணாம், உக்காரு" என்று ஒரு குரல் வந்தது. சிரிப்பு எழுந்தது.

கம்பெனிக்காரர் மரியாதையாகவே அட்டையைத் தூக்கிக் காட்டினார். "மேடம், இது நாங்க சொல்றது இல்ல. பேப்பர்ல ஒரு சயின்டிஸ்ட் எழுதினது."

"அந்த சயின்டிஸ்ட் நான்தான்" என்றேன்.

கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. என் காட்டன் புடவையும், கையில் இருந்த மஞ்சள் பையும் சயின்டிஸ்டுக்குப் பொருந்தவில்லை போலிருக்கிறது. தலைவி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அதான் எழுந்துட்ட இல்ல, சும்மா பேசாத. இன்னா இருக்குதோ காட்டு" என்றார்.

காட்டு. இத்தனை வருஷம் எழுதி யாரும் என்னிடம் கேட்காத வார்த்தை. மேஜைக்குப் போனேன். "உங்க மிஷின் தண்ணி சுத்தமானதுதானே?" என்று கம்பெனிக்காரரைக் கேட்டேன்.

"சந்தேகமே வேணாம் மேடம். நானே குடிப்பேன்."

"அந்த டம்ளர் அப்படியே இருக்கட்டும். யார் வீட்டுலயாவது கொஞ்சம் உப்பு கொண்டாங்க."

கருவாடு போடுகிற ஊரில் உப்புக்கா பஞ்சம்? மூன்று பக்கத்திலிருந்து மூன்று டப்பா வந்தது. நான் தொடவில்லை. நான் போட்டால் மாயம் என்பார்கள். அக்காவையே அவர் வீட்டு டப்பாவிலிருந்து போடச் சொன்னேன். சிட்டிகை என்றுதான் சொன்னேன். மீனுக்கு உப்பு போடுகிற கை அது, நாலு விரலால் அள்ளிப் போட்டார். கலக்கினார். தண்ணீர் பழையபடி பளிங்காகவே இருந்தது. "இப்ப ஸ்விட்ச் போடுங்க சார்" என்றேன்.

அவர் தயங்கினார். அதைக் கூடம் கவனித்துவிட்டது. "போடு சார், இன்னா யோசன?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கத்தினாள். போட்டார்.

குபுகுபுவென்று பொங்கியது. பச்சையாகக் கலங்கி, பழுப்பாகி, சில நொடிகளில் குழாய்த் தண்ணீர் டம்ளரைவிட மோசமாக, கம்பியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் போய்விட்டது. அவரே பதறிப்போய் ஸ்விட்சை அணைத்தார்.

முதலில் பேசியது அக்காதான். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது சுத்தமான தண்ணி. இது எங்கூட்டு உப்பு. நேத்து கொழம்புல போட்ட உப்பு. ரெண்டுலயும் அழுக்கு இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப அழுக்கு தண்ணியில இல்ல. கம்பியில இருக்குது."

நாலு பாரா. மின்பகுப்பு, நேர்மின்வாய், ஃபெரிக் ஹைட்ராக்சைடு. அத்தனையும் சேர்ந்து செய்யாததை ஒரு மீன்காரம்மா ஒரு மூச்சில் செய்துவிட்டார். எனக்குக் கை தட்ட வேண்டும் போலிருந்தது. தட்டிவிட்டேன். கூடமே சேர்ந்து தட்டியது.

"அதேதான்க்கா! கம்பிதான் கரையுது. உப்பு இருந்தா கரண்டு போவும், கரண்டு போனா கம்பி கரையும்" என்று கத்தினேன். இந்தத் தடவை யாரும் என்னை உட்காரச் சொல்லவில்லை. முன்வரிசைப் பெண் எழுந்து வந்து, "அப்ப எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் ஆமாம் என்று சொல்லிவிட எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா? கூடம் என் பக்கம். ஆனால் கம்பி எதையும் காட்டாது என்றால், தண்ணீர் நல்லது என்றும் அது காட்டவில்லைதானே. "இந்த டம்ளர வச்சு நல்லதுன்னும் சொல்ல முடியாதும்மா, கெட்டதுன்னும் சொல்ல முடியாது. அதுக்கு வேற சோதனை இருக்கு. கிருமி பயமா இருந்தா நல்லா கொதிக்க வச்சு ஆறவச்சுக் குடு. உப்புக்கு மீட்டர் எடுத்துட்டு வந்திருக்கேன், இப்பவே பாத்துடலாம்" என்றேன்.

"நல்லாத்தான போய்க்குனு இருந்திச்சு, நடுவுல ஏம்மா இத சொல்ற?" என்று அக்கா என் காதில் முணுமுணுத்தார்.

"சொல்லலன்னா நானும் அந்த அட்டை மாதிரிதான்க்கா" என்றேன்.

மஞ்சள் பையிலிருந்து மீட்டரை எடுத்தேன். பேனா அளவுதான் இருக்கும். அன்றைக்கு மதியச் சாப்பாடு வரைக்கும் வீடு வீடாகப் போனோம். எனக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. குழாய்த் தண்ணீர் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி, குடிக்கிற அளவுக்குள் இருந்தது. கடலை ஒட்டின இரண்டு வீட்டில் மட்டும் போர் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாக்கில் வைத்தாலே கரித்தது, மீட்டரும் அதையே சொன்னது. "ஒண்ணு நீங்க குழாய்த் தண்ணிக்கு மாறணும், இல்லன்னா உங்களுக்கு மட்டும் மிஷின் தேவைதான்" என்றேன். அதில் ஒரு வீட்டுக்காரர் மிஷினே வாங்கிக்கொள்கிறேன் என்றார். முப்பது கையெழுத்துக்கு வந்த மனிதர் ஒன்றோடு போனார்.

போவதற்கு முன் அவர் கம்பிகளைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். "நெசமாவே கம்பிதானா மேடம்? ட்ரெய்னிங்ல அழுக்குன்னுதான் சொன்னாங்க. எங்க வீட்டுலயும் இதப் பாத்து பயந்துதான் மிஷின் மாட்டினோம்." அவரைத் திட்டுவதற்கு மனதில் ஒரு பட்டியலே வைத்திருந்தேன். அதைக் கேட்டதும் திட்ட வாய் வரவில்லை. அந்த அட்டையை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மறுநாளே அடுத்த கட்டுரையை எழுதினேன். தலைப்பு: "அழுக்கு தண்ணியில இல்ல, கம்பியில இருக்குது." முதல் வரியும் அதுவேதான். இரண்டாவது வரி, விற்க வருகிறவர் கொண்டுவரும் தண்ணீரிலேயே ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, அவரையே ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள், நீங்கள் கம்பியையோ கரண்டையோ தொட வேண்டாம் என்றது. பிறகு கொதிக்க வைப்பது பற்றி ஒரு வரி, கரிக்கும் தண்ணீரைப் பற்றி ஒரு வரி. மொத்தம் எட்டு வாக்கியம். அயனி வரவில்லை. எங்கே வெட்டினாலும் உண்மை மிஞ்சுகிற மாதிரி எழுதினேன்.

ஆசிரியர் நேரில் வரச் சொன்னார். "முதல் வரியிலயே எல்லாத்தையும் சொல்லிட்டா மீதிய யாரும்மா படிப்பாங்க?"

"படிக்க வேண்டாம் சார்."

"தலைப்பு பேச்சுத்தமிழ்ல இருக்கு."

"பேசினது அப்படித்தான் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எட்டு வாக்கியத்தை இன்னொரு தடவை படித்தார். பக்கத்தில் பாதி காலியாகக் கிடக்குமே என்று கவலைப்பட்டார். கொட்டை எழுத்தில் போடுங்கள் என்றேன். கடைசியில் "போன்" என்றார், ஒரே ஒரு தடவை. ஆனால் கொட்டை எழுத்தில் போட்டார். டீக்கடையில் தூரத்திலிருந்தே படிக்க முடிந்தது.

அந்தக் கட்டுரைக்கு எனக்கு ஒரு பாராட்டும் வரவில்லை. ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் போன் பண்ணி, தரம் இறங்கிவிட்டதே என்று வருத்தப்பட்டார். நான் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எழுதிய எல்லாமே அந்த அளவுதான். கிரகணம், தடுப்பூசி, கேஸ் சிலிண்டர், எதுவானாலும் முதல் வரியில் உண்மை, மீதி இஷ்டப்பட்டவர்களுக்கு. ஒவ்வொன்றையும் ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன் மீன் வாங்கும்போது அக்காவிடம் வாயால் சொல்லிப் பார்ப்பேன். அவர் கை செதில் எடுப்பதை நிறுத்தவில்லை என்றால் அந்த வாரம் வேறு முதல் வரி தேடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலான சந்தோஷம் அடுத்த மழைக்காலத்தில் வந்தது. காலையில் மேட்டுப்பாளையம் போகிற ஷேர் ஆட்டோவில் நசுங்கி உட்கார்ந்திருந்தேன். எதிரே இரண்டு பெண்கள், மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறவர்கள். கையில் இருந்த டிபன் கூடையும் பேச்சும் பக்கத்துக் கிராமம் என்று சொன்னது. அதில் ஒருத்தி மற்றவளிடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"எங்கூட்டுக்கு நேத்து வந்தாண்டி ஒருத்தன், கம்பி, டம்ளரு எல்லாம் எடுத்துக்குனு. நான் உப்பு டப்பாவ எடுத்தாந்து அவன் தண்ணியில போடுன்னேன். ஆளு அப்படியே எழுந்துட்டான்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "ஏம்மா, தண்ணி அழுக்கா இருந்தாத்தானே நெறம் மாறும்?" என்று அப்பாவியாகக் கேட்டேன்.

அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "இன்னாக்கா, படிச்சவங்களாட்டம் இருக்கீங்க, இதுகூடத் தெரியலியே. அழுக்கு தண்ணியில இல்லக்கா. கம்பி கரையுது."

"யார் சொன்னாங்க? பேப்பர்ல போட்டாங்களா?"

"பேப்பர நான் எங்க படிச்சேன்? யாரு சொல்லணும், நானே பாத்தேன். அவன் எழுந்தப்ப கம்பிய வாங்கித் தூக்கிப் பாத்தேன். தண்ணியில முங்குன வரைக்கும் கம்பி தேஞ்சு மெலிஞ்சு கெடக்குது. மேல இருக்கறது மட்டும் தடியா இருக்குது. எத்தன வூட்ல முக்கினானோ! கரையலன்னா அது எங்க போச்சு, சொல்லுங்க?"

அதை நான் எழுதவில்லை. குருசுக்குப்பத்துக் கூடத்தில் நான் சொல்லவும் இல்லை. இத்தனை வருஷம் ஆய்வகத்தில் இருந்தும், ஒரு தடவைகூட அந்தக் கம்பியைத் தூக்கிப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. என்னிடமிருந்து கிளம்பிய ஒரு வரி, எத்தனை வாய் மாறியோ ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே எனக்குத் தெரியாத ஒன்றையும் கண்டுபிடித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தது. அந்த வரியை எழுதியது நான்தான் என்று சொல்லிவிட நாக்கு துறுதுறுத்தது. சொன்னால் அவள் தான் பார்த்ததைச் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன்.

என் கம்பெனி வாசல் வந்தது. நான் இறங்கவில்லை. ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார், போகச் சொல்லிக் கை காட்டினேன். அவள் கம்பி எவ்வளவு மெலிந்திருந்தது என்று சுண்டுவிரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன், அவள் சலிக்காமல் சொன்னாள். அவர்கள் இறங்கும் இடம் வரைக்கும் போய்விட்டு, மழைச் சேற்றில் திரும்பி நடந்து வந்தேன். ஆய்வகத்துக்குள் நுழையும்போது அரை மணி நேரம் தாமதம்.

"எங்கம்மா போயிட்டீங்க?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

"கிளாஸுக்குப் போயிருந்தேன் சார்" என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக இருந்திருக்க வேண்டும், அவர் வேறு எதுவும் கேட்கவில்லை.